திரையில் எழுதும் கோடு

காவிரி பாயும் தஞ்சை வளநாட்டில் குழந்தையின் கல்வி நெல்லில் தொடங்குகிறது. பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் கலைமகளுக்கெனத் தனிக்கோயில் ஒன்று உண்டு. விசயதசமி நன்னாளில் பெற்றோர் தம் மக்களை அங்கே அழைத்து வருவர். தட்டில் நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, குழந்தையை மடியில் அமர்த்தி, அதன் சுட்டுவிரலைப் பெரியவர் ஒருவர் பற்றி, 'அ' என்னும் எழுத்தை எழுதச் செய்வர். மணிகள் விலக, விரல் சென்ற வழி தட்டில் தெரியும். தட்டைச் சிறிது அசைத்தால் எழுத்து மறைந்துபோகும். ஆயினும், குழந்தையின் கையில் ஒன்று தங்கிவிடுகிறது. அஃது எழுத்தின் வடிவம் மட்டும் அன்று. அவ்வடிவத்தை எங்கே தொடங்கி, எப்பக்கம் திரும்பி, எங்கே முடிப்பது என்னும் வழியும் ஆகும்.

இந்நாளில் அத்தட்டின் பணியைக் கைப்பேசியின் கண்ணாடித் திரையும் செய்ய முற்பட்டுள்ளது. எழுத்துக் கற்பிக்கும் செயலியைத் திறந்தால், ஓர் ஒளிக்கோடு ஒரு முனையில் தோன்றி, இறங்கி, வளைந்து, வளர்ந்து, எழுத்தாகி நிற்கும். குழந்தை அதனைக் கண்ணால் கண்டு விரலால் பின்தொடரும். அக்கோடு எவ்வாறு ஓடுகிறது என்பதும், அது பிழையாக ஓடுமாயின் அப்பிழையை எவ்வாறு தேடிக் காண்பது என்பதும் மாணவர் அறியத்தக்கன.

கோடு ஓடும் முறை

திரையில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் அசையாத படமே. அவை விரைந்து மாறுதலால் கண் அவற்றை இயக்கமாகக் கொள்கிறது. கைப்பேசியின் திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறை தன் படத்தைப் புதிதாகத் தீட்டிக்கொள்கிறது. சிலவற்றில் 120 முறை. ஒவ்வொரு முறையும் கோடு சிறிதளவு நீண்டிருக்குமாறு செய்தால், அக்கோடு வளர்வதாகத் தோன்றும்.

இப்படங்கள் அனைத்தையும் ஒருவர் முன்னரே வரைந்து வைப்பதில்லை. செயலியை அமைப்பவர் மூன்று செய்திகளை மட்டும் கைப்பேசிக்குத் தருகிறார். அவை தடம், அடுக்கு, காலம் என்பன. இடையிலுள்ள படங்களைக் கைப்பேசி தானே கணக்கிட்டுத் தீட்டிக்கொள்கிறது.

தடம் என்பது கோடு செல்ல வேண்டிய வழி. 'ட' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். 'மேற்புள்ளியில் தொடங்கு, கீழ்ப்புள்ளி வரையில் நேராக இறங்கு, அங்கிருந்து வலப்புள்ளி வரையில் நேராகச் செல்' என்னும் மூன்று கட்டளைகளே அதன் தடமாகும். மூன்று புள்ளிகள், இரண்டு துண்டுகள். 'ப' என்னும் எழுத்திற்கு நான்கு புள்ளிகளும் மூன்று துண்டுகளும் வேண்டும்.

'அ' போன்ற வளைந்த எழுத்துகளுக்கு நேர்கோடுகள் போதா. ஒவ்வொரு வளைவுத் துண்டுக்கும் இரண்டு முனைப்புள்ளிகளும், அவற்றோடு பெரும்பாலும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் தரப்படும். கோடு முனைகளைத் தொட்டுச் செல்லும்; கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பக்கம் சாய்ந்து வளையும். இக்கணக்கைக் கண்டவர்கள் பிரான்சு நாட்டுக் கார்த் தொழிலைச் சார்ந்தவர்கள். சித்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காசுத்தெல்யோ 1959-ஆம் ஆண்டளவில் இதனை ஆராய்ந்தார். ரெனோ நிறுவனத்துப் பொறியியலாளர் பியேர் பெசியே 1960-களில் இதனை உலகறியச் செய்தார். அதனால் இவ்வளைவுக்குப் பெசியே வளைவு என்னும் பெயர் நிலைத்தது. காரின் மேற்கூட்டை வளைக்கக் கண்ட கணக்கு, இன்று தமிழின் முதலெழுத்தையும் வளைத்துத் தருகிறது.

அடுக்கு என்பது கோடு வரையப்படும் தாள். இது கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தாள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தாள்கள் வைக்கப்படும். அடியில் வண்ணப் பின்னணி, அதன்மேல் எழுத்தின் மங்கிய வடிவம், அதன்மேல் ஓடும் ஒளிக்கோடு, அனைத்திற்கும் மேல் விரலின் படம் என அவை அமையலாம். ஒவ்வொரு தாளுக்கும் தனி அகல நீளமும், அளவு தொடங்கும் தனி மூலையும் உண்டு.

காலம் என்பது எந்நேரத்தில் தடத்தின் எவ்வளவு பகுதி தெரிய வேண்டும் என்னும் கட்டளை. தடத்தின் தொடக்கம் 0 எனவும் முடிவு 1 எனவும் கொள்ளப்படும். 0 எனில் ஒன்றும் தெரியாது; 0.5 எனில் பாதி தெரியும். 1 எனில் முழுவதும் தெரியும். இவ்வெண் இரண்டு நொடிகளில் 0-இலிருந்து 1-ஐ அடைய வேண்டும் என்று பணித்தால், எழுத்து இரண்டு நொடிகளில் எழுதப்படும்.

பாட்டி கண்ட பிழை

மன்னார்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓர் இளைஞன், தன் அக்காள் மகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் பொருட்டு ஒரு செயலியைத் தானே அமைக்கிறான் என்று எண்ணிப் பார்க்கலாம். 'ப' என்னும் எழுத்து திரையில் அழகாக ஓடி நிற்கிறது. அவன் மகிழ்ந்து, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் அதனைக் காட்டுகிறான். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை பார்க்கிறார்.

"எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால், வலக்கோடியில் தொடங்கி இடக்கோடியில் முடிக்கிறாயே!" என்கிறார்.

"எப்படி எழுதினால் என்ன, பாட்டி? முடிவில் வருவது 'ப' தானே?" என்கிறான் அவன்.

"உனக்கு முடிவு தெரிகிறது. குழந்தையோ விரல் போகிற வழியைத்தானே பார்க்கிறது! அப்படியே பழகிவிட்டால், பிறகு அந்தக் கையை யார் திருத்துவது?" என்கிறார் பாட்டி.

பாட்டிக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆயினும், இளைஞன் காணாத பிழையை அவர் கண்டார். அவன் வடிவத்தை நோக்கினான். அவர் வழியை நோக்கினார். இவ்வகைப் பிழைகளின் தீமை இதுவே. செயலி நின்றுபோவதில்லை, எச்சரிக்கை தருவதும் இல்லை. முடிந்த எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கற்கும் குழந்தையின் கை ஒன்றே அப்பிழையைச் சுமக்கும். பிழையாகப் படிந்த பழக்கத்தை மாற்றுதல், புதிதாகக் கற்பித்தலினும் கடினம் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

கடைமடை காட்டும் நெறி

பிழை உண்டென்று அறிந்தபின், அஃது எங்குள்ளது என்று தேட வேண்டும். இதற்குரிய நெறியைக் காவிரிப் படுகையின் உழவரே கைக்கொண்டு காட்டுகின்றனர். நீர்வளம் உள்ள ஆண்டுகளில் சூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுவது வழக்கம். அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும். பின்னர்க் கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பாய்ந்து, கடைமடை வயல்களைச் சேரும். தன் வயலுக்கு நீர் வரவில்லையாயின், உழவன் உடனே மேட்டூரைப் பழிப்பதில்லை. கண்ட இடமெல்லாம் மண்வெட்டியால் வெட்டுவதும் இல்லை. வாய்க்கால் வழியே நடந்து, எந்த இடம் வரையில் நீர் உள்ளது, எந்த இடத்திற்கு அப்பால் இல்லை என்று பார்க்கிறான். அவ்விரண்டிற்கும் இடையிலேயே தடை இருத்தல் வேண்டும். அங்கே மதகு மூடியிருக்கலாம், ஆகாயத்தாமரை அடைத்திருக்கலாம், கரை உடைந்திருக்கலாம்.

வாய்க்காலில் எட்டு மதகுகள் இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் அடைபட்டிருந்தால், எட்டையும் வரிசையாகப் பார்க்க வேண்டுவதில்லை. நான்காம் மதகைத் தாண்டி நீர் உள்ளதா என்று முதலில் பார்க்கலாம். உள்ளதெனில் தடை பின் நான்கில்; இல்லையெனில் முன் நான்கில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால், மூன்று பார்வைகளில் தடை அகப்பட்டுவிடும்.

திரையில் ஓடும் கோட்டிற்கும் இந்நெறியே பொருந்தும். முதலில் அசைவை நிறுத்தி, எழுத்து முழுவதையும் அசையாமல் காட்டச் செய்ய வேண்டும். அது சரியாகத் தோன்றினால் பிழை பெரும்பாலும் காலத்தில் உள்ளது. தோன்றவில்லையெனில், எழுத்தின் தடத்தை எடுத்துவிட்டு, அதே அடுக்கில் ஒரு நேர்கோட்டை வைத்துப் பார்க்க வேண்டும். நேர்கோடு உரிய இடத்தில் தோன்றினால் அடுக்கு நல்லது, பிழை தடத்தில். நேர்கோடும் தோன்றவில்லையெனில் பிழை அடுக்கில். இரண்டே சோதனைகளில் மூன்றும் வேறு வேறாகப் பிரிந்துவிடும்.

ஆனால், தடத்தில் ஒரு பிழை மட்டும் இச்சோதனைக்கு அகப்படாது. பாட்டி கண்ட பிழையே அது. திசை மாறிய தடமும் அசையாமல் நிற்கும்போது சரியான எழுத்தாகவே தோன்றும். அதனைக் காண, தொடக்கப் புள்ளியைச் சிவப்பாகவும் முடிவுப் புள்ளியை நீலமாகவும் குறித்துக்கொள்ள வேண்டும். அசைவின் விரைவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்ப்பதும் நன்று. இரண்டு நொடியில் கண்ணுக்குத் தப்பியது இருபது நொடியில் தப்பாது.

இந்நெறியைக் கைக்கொண்டால் அகப்படும் பிழைகளுள் தலையாயவற்றை இனி ஒவ்வொன்றாகக் காணலாம்.

கோடு தெரியாமை

சில வேளைகளில் கோடு தோன்றுவதே இல்லை. அல்லது, எழுத்துக்கு மாறாகக் கருங்கறை ஒன்று நிற்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் வடிவம் வரைதற்கென்றே ஒருவகை அடுக்கு உண்டு. வேறு கட்டளை இல்லாதபோது, அவ்வடுக்கு தன் தடத்தின் உட்பகுதியைக் கருமையால் நிரப்பும். கோட்டிற்கு எவ்வண்ணமும் தாராது. ஆதலின், 'அ'கரத்தின் வளைவுகள் உள்ளே கறுத்து, மை கொட்டியது போல் ஆகிவிடும். நிரப்பும் வண்ணத்தை நீக்கி, கோட்டிற்கு வண்ணமும் தடிப்பும் தந்தால் எழுத்துத் தோன்றும்.

முற்காலத்தில் ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். கீறிய கீற்று உடனே தெளிவாகத் தெரியாது. மையைத் தடவித் துடைத்தபின்னரே எழுத்துத் துலங்கும். தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்து ஓலைச் சுவடிகளில் இன்றும் அக்கருமையைக் காணலாம். தடம் என்பது கீற்று. வண்ணம் என்பது மை. கீற்று இருந்தும் மை இல்லையெனில் எழுத்து இருந்தும் இல்லாததே.

எல்லை வேறு, வழி வேறு

எழுத்தின் தடத்தைத் தானே அமைக்காமல், அச்சிடும் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்வோர் உளர். அங்ஙனம் எடுத்தால், ஒளிக்கோடு எழுத்தை எழுதாது. எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வரும். எழுத்துருவில் பதிந்திருப்பது, மை நிரம்ப வேண்டிய இடத்தின் எல்லையே அன்றி எழுதுகோல் சென்ற வழி அன்று. வரப்பைச் சுற்றி வருதல் வேறு; வயலில் ஏர் சென்ற சால் வேறு. குழந்தைக்கு வேண்டுவது சால்.

மேலும், எழுத்துருவில் உயரம் கீழிருந்து மேலாக அளக்கப்படும். கைப்பேசித் திரையிலோ மேலிருந்து கீழாக அளப்பதே பெருவழக்கு. அதனால், எடுத்த எழுத்து தலைகீழாகத் தொங்குவதும் உண்டு. அதனைத் திருப்பி நிறுத்த வேண்டும்.

இவற்றுக்குத் தக்க வழி, எழுத்தின் நடுவே செல்லும் தடத்தைக் கையால் அமைத்தலே. எழுத்துருவின் அழகும் வேண்டுமெனில், நடுத்தடத்தில் தடித்த கோட்டை ஓடவிட்டு, எழுத்துருவின் எல்லையை வெட்டுத்தாள் போல அதன்மேல் வைக்கலாம். கோடு உரிய வழியே ஓடும். வெளியே வழிவது மறையும்.

திசையும் முறையும்

பாட்டி கண்ட பிழை இவ்வகையைச் சார்ந்தது. கோடு, புள்ளிகள் தரப்பட்ட வரிசையிலேயே வளரும். 'ப'வின் நான்கு புள்ளிகளை வலமிருந்து இடமாகத் தந்தால், கோடும் அவ்வாறே செல்லும். புள்ளிகளின் வரிசையைத் திருப்பிவிட்டால் பிழை தீரும்.

உயிர்மெய் எழுத்துகளில் இப்பிழை மேலும் நுட்பமானது. 'கொ' என்பதனை எழுதுவோர் முதலில் ஒற்றைக்கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், இறுதியில் காலையும் எழுதுவர். ஆனால், கணினியும் கைப்பேசியும் எழுத்தைச் சேமிக்கும் முறை வேறு. 1991-ஆம் ஆண்டு முதலாக வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில், ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் நிற்கும். சேமித்த வரிசையையே எழுதும் வரிசையாகக் கொண்டால், ஒளிக்கோடு முதலில் ககரத்தை எழுதி, பின்னர்த் திரும்பி வந்து கொம்பைப் போடும். ஒலிக்கும் முறைக்கு அது பொருந்தும். எழுதும் முறைக்குப் பொருந்தாது. ஆதலின், எழுதும் வரிசையைச் செயலியில் தனியே குறித்தல் வேண்டும்.

வழிக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதைத் தமிழ்நாட்டறிஞர் கோலத்தில் கண்டனர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் கிப்டு சிரோமணியும், இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974-ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். வாசலில் இடும் கோலத்தின் அமைப்பை, மொழியின் இலக்கணம் போன்ற விதிகளால் கணினிக்கு உணர்த்தலாம் என்று அவர்கள் காட்டினர். எழுத்துக்கும் கோலத்துக்கும் முறை உண்டு. அம்முறையைச் சொன்னால்தான் கருவி அறியும்.

எழுதியபின் மறைதல்

இளைஞனின் செயலியில் மற்றொரு வியப்பு நேர்கிறது. கோடு அழகாக ஓடி எழுத்தாகிறது. முடிந்த கணத்தில் எழுத்து மாயமாய் மறைகிறது. இதற்குக் காரணம், அடுக்குக்கு இரண்டு நிலைகள் இருத்தலே. ஒன்று பதிவு நிலை; மற்றொன்று காட்சி நிலை. அசைவு நடக்கும்போது மாறுவது காட்சி மட்டுமே. பதிவில் அவன் முதலில் எழுதிய 0 அப்படியே இருக்கிறது. அசைவு முடிந்து நீங்கியவுடன் காட்சி பதிவுக்குத் திரும்புகிறது. பதிவோ 0, ஆதலின் எழுத்து இல்லை.

மெலட்டூரில் ஆண்டுதோறும் பாகவதமேள நாடகம் நடைபெறும். இரணியனாக வேடம் புனைந்தவர் மேடையில் உள்ளவரையில் உலகாளும் அரசர். பொழுது புலர்ந்து வேடம் கலைந்தால் அவர் ஊராருள் ஒருவரே. அசைவும் அத்தகைய வேடமே. எழுத்து நிலைத்து நிற்க வேண்டுமெனில், பதிவில் 1 என்று எழுதிவிட்டு, அதன்பின் 0-இலிருந்து 1 வரையில் அசையச் செய்ய வேண்டும்.

'அசைவு முடிந்தாலும் அதனை நீக்காதே' என்று கட்டளையிட்டுக் குறுக்குவழி தேடுவோரும் உளர். அப்பொழுது எழுத்து நிற்பது போல் தோன்றும். ஆயினும் பதிவு இன்னும் 0 என்றே இருக்கும். குழந்தை எழுத்தை முடித்ததா என்று செயலியின் மற்றொரு பகுதி அப்பதிவைப் பார்த்தால், 'இன்னும் தொடங்கவில்லை' என்னும் விடையே கிடைக்கும். காட்சியும் பதிவும் முரணியிருத்தல் பின்னாளைய பிழைகளுக்கு வித்தாகும்.

நன்மருந்தும் சில வேளைகளில் புதுநோயைத் தரும். 'கொ'வின் மூன்று உறுப்புகளையும் மூன்று அடுக்குகளில் வைத்து, மூன்றன் பதிவிலும் 1 என்று எழுதினால், கொம்பு எழுதப்படும் முன்னரே ககரமும் காலும் முழுதாக நின்றுகொண்டிருக்கும். தம் முறை வரும்வரையில் அவை பதிவு நிலையையே காட்டுதலே காரணம். காத்திருக்கும் பொழுதிலும் தொடக்க நிலையாகிய 0-ஐயே காட்டுமாறு தனியே கட்டளையிட வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் முதலிலிருந்து சோதிக்க வேண்டுவது இதனாலேயே. ஒரே வேளையில் இரண்டு திருத்தங்களைச் செய்தல் ஆகாது. நோய் தீர்த்தது எது, நோய் தந்தது எது என்று பின்னர்ப் பிரித்தறிய இயலாது.

இடமும் விரைவும்

மார்கழி விடியலில் கோலமிடும் பெண், முதலில் வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொள்வாள். பின்னரே புள்ளி வைப்பாள். அகலம் அறியாமல் வைத்தால் கோலம் ஒரு மூலையில் ஒடுங்கும். அன்றேல் தெருவில் வழியும். திரையிலும் இவ்வாறே. அடுக்கின் அகல நீளம் முடிவாகுமுன் தடத்தைக் கணக்கிட்டால், புள்ளிகள் எல்லாம் மூலையில் குவிந்துவிடும். ஒரு கைப்பேசிக்கென அளந்த தடம், சிறிய திரையுள்ள வேறொன்றில் வெட்டுப்படும். ஆதலின், புள்ளிகளை அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பங்கு என்று குறித்து வைத்து, அடுக்கின் அளவு தெரிந்தபின் கணக்கிட வேண்டும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் மீண்டும் கணக்கிட வேண்டும்.

கோட்டின் முனையில் விரலின் படம் ஒன்று செல்லுமாறு அமைத்தால், அதன் விரைவிலும் பிழை நேரலாம். 'ப'வின் மூன்று துண்டுகளுக்கும் காலத்தைச் சமமாகப் பங்கிட்டால், நீண்ட துண்டில் விரல் ஓடும்; குறுகிய துண்டில் ஊரும். வளர்கின்ற கோடோ நீளத்திற்கேற்பச் சீராக வளரும். அதனால், விரல் ஓரிடத்திலும் கோட்டின் முனை வேறோரிடத்திலுமாகப் பிரிந்துவிடும். துண்டுக்குத் துண்டு காலம் பிரிக்காமல், தொலைவுக்கேற்பக் காலத்தைப் பிரிக்குமாறு பணித்தால் இரண்டும் கைகோத்துச் செல்லும்.

ஒன்று மற்றொன்றாதல்

சில செயலிகளில் ஓர் எழுத்து உருமாறி வேறோர் எழுத்தாகும். 'ட' மெல்ல 'ப'வாக மாறுவதைக் குழந்தைகள் விரும்பிப் பார்ப்பர். இங்கே கைப்பேசி, முதல் தடத்தின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாம் தடத்தில் அதற்கு இணையான புள்ளிக்கு நகர்த்துகிறது. 'ட'வில் மூன்று புள்ளிகள், 'ப'வில் நான்கு. நான்காம் புள்ளிக்கு இணை ஏது? ஐபோனில், புள்ளிகளின் எண்ணிக்கை ஒவ்வாதபோது விளைவு இன்னதென்று உறுதி கூற இயலாது. கோடு சிக்கலாகலாம், திடீரெனத் தாவலாம். ஆண்டிராய்டு முறையிலோ, இரு தடங்களின் கட்டளைகளும் வகையாலும் எண்ணிக்கையாலும் ஒத்திருத்தல் வேண்டும்; ஒவ்வாதவற்றை அஃது ஏற்பதில்லை.

பின்னல் கோலாட்டத்தில் ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கயிறு வேண்டும். ஆட்கள் குறைந்தால் பின்னல் அமையாது. இங்கும், 'ட'வின் முடிவில் நான்காவதாக ஒரு புள்ளியை மூன்றாம் புள்ளியின்மேலேயே வைத்துவிடலாம். கண்ணுக்கு 'ட' மாறாது. உருமாறும்போது அப்புள்ளி பிரிந்து மேலெழுந்து 'ப'வின் வலக்கோடாகும். எண்ணிக்கை ஒத்தாலும், தொடக்கப் புள்ளிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்து முறுக்கிக்கொண்டு மாறும்.

பழைய வடிவம் புதிய வடிவமாவதைக் காட்ட விரும்புவோரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டரசு 1978-ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் அதனால் புதுவடிவம் பெற்றன. பழைய 'லை'யில் துதிக்கை போன்ற வளைவு லகரத்தோடு ஒட்டியிருந்தது. புதிய 'லை'யில் உயிர்க்குறி லகரத்தின் இடப்பக்கம் தனித்து நிற்கிறது. ஒன்று ஒரே உறுப்பு. மற்றொன்று இரண்டு உறுப்புகள். இவற்றின் தடங்களை இணை சேர்க்காமல் ஒன்றை மற்றொன்றாக்கினால், இடையில் தோன்றுவது பழையதும் ஆகாது, புதியதும் ஆகாது.

வழியே கல்வி

மேற்கூறிய பிழைகள் பலவாயினும், அவற்றைத் தேடும் நெறி ஒன்றே. தடமா, அடுக்கா, காலமா என்று பிரித்தறிதல். எளிய ஒன்றை வைத்துச் சோதித்தல். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல். மாற்றியபின் முதலிலிருந்து பார்த்தல். இந்நெறி கைப்பேசிக்கு மட்டும் உரியதன்று. வாய்க்காலில் தடை தேடும் உழவனும், கணக்கில் பிழை தேடும் மாணவனும் கைக்கொள்வது இதுவே.

இவற்றினும் மேலான செய்தி ஒன்றுண்டு. நிரலில் வல்ல இளைஞன் ஒருவனால் மட்டும் அச்செயலி செம்மையுறவில்லை. எழுத்தின் வழியறிந்த பாட்டியின் கண்ணும் அதற்கு வேண்டியிருந்தது. கருவியை அறிந்தாரும் பொருளை அறிந்தாரும் ஒருங்கிருந்து நோக்கும்போதே இத்தகைய பிழைகள் ஒளிந்துகொள்ள இடமின்றி அகலும். எழுத்தைக் கற்பிக்கும் கருவியை நாளை அமைக்கப் போகின்றவர்கள் இன்றைய மாணவர்களே. அவர்கள் தம் மொழியின் எழுத்தையும் அதனை எழுதும் முறையையும் பிழையற அறிந்திருத்தல் வேண்டும்.

நெல் பரப்பிய தட்டில் எழுதிய எழுத்து ஒரு நொடியில் கலைந்துவிடுகிறது. கண்ணாடித் திரையில் எழுதிய ஒளியும் அணைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது குழந்தையின் விரல் கற்ற வழி ஒன்றே. முடிவு செம்மையாயினும் வழி பிழைத்தால் அது பிழையே என்பதனைத் திரையில் எழுதும் அச்சிறு கோடு உணர்த்துகிறது.